ஜொகூர்ச் சாலையில் ஒரு பழந்தேர்

தோற்றுவாய்

வரலாறு என்றவுடன் நம் மாணவர் உள்ளத்தில் கோட்டையும் கொத்தளமும், கல்வெட்டும் செப்பேடும் தோன்றுகின்றன. அவை போற்றத்தக்க சான்றுகளே. ஆயினும், இருபதாம் நூற்றாண்டு மலாயாவின் வரலாற்றை எழுதப் புகுவோர்க்கு வேறு வகையான சான்றுகளும் உண்டு. ஒற்றையடிப் பாதை செம்மண் சாலையாகி, செம்மண் சாலை தார்ச்சாலையாகிய கதையை ஒரு பழைய மோட்டார் வண்டி நமக்குச் சொல்லும். கேட்கத் தெரிந்தால், அந்த வண்டியின் உருளையில் தேய்ந்த மனித உழைப்பின் கதையையும் அதுவே சொல்லும்.

ஜொகூர் மாநிலத்துத் தோட்டமொன்றின் பழைய கொட்டகையில், தகரக் கூரையின் கீழ், நாற்பது ஐம்பது ஆண்டுகளாக ஓடாமல் கிடக்கும் சிறிய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றைக் கற்பனை செய்துகொள்வோம். அது எம்.ஜி. டி.சி. என்னும் இருவர் அமரும் வண்டி எனக் கொள்வோம். அதனை மீண்டும் சாலையில் இடரின்றி ஓடச் செய்ய வேண்டும். இது பட்டறைக்காரர் வேலை மட்டுமன்று. வரலாற்று மாணவர் செய்யும் வேலையோடும் நெருங்கிய உறவுடையது என்பதைக் காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

சாலையும் கித்தாவும்

ஜொகூரைச் சுல்தான் இப்ராஹிம் 1895 முதல் 1959 வரை ஆண்டார். மோட்டார் வண்டிகளில் பெருவிருப்பம் கொண்டிருந்தவர் அவர். அவருடைய காலத்தில்தான் 1909ஆம் ஆண்டு கிம்மாசிலிருந்து ஜொகூர் பாரு வரை இருப்புப்பாதை முற்றுப்பெற்றது. அதன் இருமருங்கிலும் காடழிந்து தோட்டங்கள் எழுந்தன. 1924 சூன் 28ஆம் நாள் ஜொகூர் நீரிணைமேல் அமைந்த பாலம் முறைப்படி திறக்கப்பட்டதும், சிங்கப்பூர்த் துறைமுகத்தில் இறங்கிய மோட்டார் வண்டி படகேறாமலே தீவகற்பத்துக்குள் வரலாயிற்று.

அவ்வாறு வந்த வண்டிக்கு உருளைகள் ஏது? 1888இல் பெல்பாஸ்ட் நகரில் டன்லப் என்பார் காற்றடைத்த டயரை உருவாக்கினார். அதே 1888இல் சிங்கப்பூர்த் தாவரப் பூங்காவின் பொறுப்பை ஏற்ற ரிட்லி என்பார், மரத்தைக் கொல்லாமல் அதன் பட்டையை நாள்தோறும் மெல்லச் சீவிப் பால் எடுக்கும் முறையை ஆராய்ந்து பரப்பினார். உலகின் ஒரு கோடியில் டயர் பிறந்தது. மறு கோடியில் அதற்குரிய பால் சுரக்கும் வழி பிறந்தது. இவ்விரண்டையும் இணைத்த கைகள் எவருடையவை? தென்னிந்தியாவிலிருந்து கங்காணிமார் திரட்டிவந்த தமிழ்த் தொழிலாளர்களின் கைகள் அவற்றுள் முதன்மையானவை. விடியுமுன் பிரட்டுக்கு நின்று, நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு நிரை நிரையாகப் பால்மரம் சீவிய அவர்களின் உழைப்பே டயராகி உலகச் சாலைகளில் உருண்டது. தீவகற்பத்தில் கித்தா மிகுதியாகப் பயிரான மாநிலங்களுள் ஜொகூர் முன்னிற்பது என்பதை நினைத்தால், இவ்வுறவின் அழுத்தம் விளங்கும். 1938இல் இந்திய அரசு இத்தகைய தொழிலாளர் குடியேற்றத்தைத் தடைசெய்யும் வரை இவ்வரவு நிற்கவில்லை.

போரும் போருக்குப் பின்னும்

1942 சனவரியில் ஜப்பானியப் படை கிம்மாஸ், மூவார், பத்து பகாட் வழியாகத் தெற்கே இறங்கியது. அம்மாத இறுதி நாளில், பின்வாங்கிய பிரிட்டிஷ் படை நீரிணைப் பாலத்தை வெடி வைத்துத் தகர்த்தது. தொடர்ந்த மூன்றரை ஆண்டுகளில் வண்டிகள் பறிபோயின. வண்டிகளினும் மேலாக மனிதர்கள் பறிபோயினர். தோட்டங்களிலிருந்து சயாம் மரண இரயில்பாதைக்குக் கொண்டுசெல்லப்பட்ட தமிழர்களுள் திரும்பாதோர் எண்ணற்றோர்.

போர் முடிந்த 1945இல் இங்கிலாந்தின் அபிங்டன் நகரில் எம்.ஜி. தொழிற்சாலை டி.சி. என்னும் வண்டியைச் செய்யத் தொடங்கியது. அத்தொழிற்சாலைக்குப் பெயர் தேடித்தந்த செசில் கிம்பர் அவ்வாண்டு பிப்ரவரியில் இரயில் விபத்தொன்றில் மாண்டுபோனார்; அவர் வளர்த்த மரபு மட்டும் நின்றது. 1949 வரை ஏறத்தாழ 10,000 டி.சி. வண்டிகள் செய்யப்பட்டன. அவற்றுள் பாதிக்கு மேற்பட்டவை வெளிநாடுகளுக்கு ஏற்றுமதியாயின. போரால் கடனாளியான பிரிட்டன், ஏற்றுமதி செய்யும் தொழிற்சாலைக்கே எஃகை முதலில் ஒதுக்கிய காலம் அது. அதே காலத்தில் பிரிட்டனுக்கு டாலர் ஈட்டித் தந்த பெரும்பொருள்களுள் மலாயாக் கித்தாவும் ஈயமும் முன்வரிசையில் நின்றன. எனவே, மலாயாவுக்கு வந்திறங்கிய ஒவ்வொரு டி.சி.யும் ஒரு பொருளாதார வட்டத்தின் நிறைவு எனலாம். நம்மவர் சீவிய பால் கடல் கடந்தது. வண்டியின் காலடியில் டயராகத் திரும்பி வந்தது.

அதனை ஓட்டியவர்கள் பெரும்பாலும் தோட்டத்துத் துரைமார், படை அதிகாரிகள், செல்வ வணிகர்கள். அதனைக் கழுவித் துடைத்தவர்களிலும், சாவி பிடித்துச் சீர்செய்தவர்களிலும் நம்மவர் இருந்தனர். போருக்குச் சற்று முன்னும், பின்னர் 1960களிலும், ஜொகூர் பாருவின் பொதுச் சாலைகளையே களமாக்கி ஜொகூர் கிராண்ட் பிரீ பந்தயம் நடந்தது. சிங்கப்பூரின் தோம்சன் சாலையில் 1961 முதல் 1973 வரை பந்தயம் நடந்தது. பத்து தீகா பந்தயத்தளம் 1968இலும், பாசிர் கூடாங் தளம் 1986இலும் எழுந்தபின், விரைவு வண்டிகளுக்கும் பொதுச் சாலைக்கும் இருந்த பழைய உறவு அறுந்தது. துரைமார் கப்பலேறினர், தோட்டங்கள் கைமாறின, உதிரிப்பொருள் அரிதாயிற்று. 1980இல் அபிங்டன் தொழிற்சாலையும் மூடப்பட்டது. ஓடிய வண்டிகள் கொட்டகைக்குள் ஒதுங்கிய வரலாறு இதுதான்.

கொட்டகையில் நிகழ்ந்த அழிவு

நிற்கும் வண்டி அழியாது என்று எண்ணுவோர் பலர். உண்மை அதற்கு மாறானது. ஓடும் வண்டியை விட நிற்கும் வண்டி மறைவாக அழிகிறது. அதிலும் ஈரக்காற்று நீங்காத ஜொகூரில் அவ்வழிவு விரைவானது.

டி.சி.யின் உடற்கூடு ஆஷ் என்னும் மேனாட்டு மரச்சட்டங்களால் ஆனது. அதன்மேல் தகடு போர்த்தப்பட்டுள்ளது. குளிர்நாட்டுக்குப் பொருந்திய அம்மரம் நம் நாட்டுக் கரையானுக்கு விருந்து. வெளியே வண்ணம் பளபளக்க, உள்ளே கதவு தாங்கும் தூண் வெறும் பொடியாகியிருக்கலாம். சுத்தியல் கைப்பிடியால் தட்டிப் பார்த்தும், கூர்முனையால் குத்திப் பார்த்துமே அதனை அறிய வேண்டும். துணி சுற்றிய பழைய மின்கம்பிகள் தொட்டால் உதிரும். அவற்றில் மின்சாரம் பாய்ச்சினால் தீப்பிடிக்கும். தொட்டியில் தேங்கிய பெட்ரோல் பிசினாகிக் குழாய்களை அடைக்கும். பிரேக் எண்ணெய் காற்றின் ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. அந்த ஈரம் உருளைக்குள்ளிருக்கும் சிறு பிஸ்டன்களைத் துருவேற்றி இறுக்கிவிடும்.

உயிர்ப்பிக்கும் முறை

இத்தகைய வண்டியைக் கண்டவுடன் மின்கலத்தைப் பூட்டி இயந்திரத்தை முடுக்கிப் பார்க்க வேண்டும் என்னும் ஆசை எழும். அவ்வாசையை அடக்குவதே முதற்பாடம். துருப்பிடித்த உருளைக்குள் பிஸ்டனை வன்முறையாக நகர்த்தினால், நாற்பது ஆண்டு உறக்கம் செய்யாத கேட்டை நான்கு நொடி செய்துவிடும்.

முதலில் வண்டியைத் தூக்கி, உறுதியான இரும்பு முட்டுகளின்மேல் நிறுத்த வேண்டும். ஜாக்கி ஒன்றையே நம்பி வண்டியின் அடியில் புகுந்தவர் உயிரிழந்ததுண்டு. அருகில் தீயணைப்புக் கருவி இருத்தல் வேண்டும். பின்பு தீப்பொறிச் செருகிகளைக் கழற்றி, ஒவ்வோர் உருளையிலும் சிறிது எண்ணெய் விட்டுச் சில நாள் ஊறவிட வேண்டும். அதன்பின் முன்புறக் கைப்பிடியால் மெல்லச் சுழற்றிப் பார்க்கலாம். சுழன்றால், பழைய எண்ணெயை வடித்து, அடிக்கலத்தின் கசடு நீக்கி, புது எண்ணெய் ஊற்றி, செருகிகளைப் பூட்டாமலே சுழற்றி எண்ணெய் அழுத்தம் ஏறுகிறதா என்று நோக்க வேண்டும். அதன் பின்னரே இயந்திரத்துக்கு உயிர்கொடுக்க நினைக்கலாம். பெட்ரோல் தொட்டியைக் கழற்றித் துப்புரவு செய்க. ஆவி நிறைந்த வெறுந்தொட்டி, நிறைந்த தொட்டியினும் கொடியது. அதன் அருகே நெருப்பு ஆகாது.

இயந்திரம் ஓடத் தொடங்கியதும் வெற்றி கிட்டிவிட்டதாக ஆரவாரிப்போர் உளர். ஓடுவது சிறப்பன்று, நிற்க வேண்டிய இடத்தில் நிற்பதே சிறப்பு. டி.சி.யின் நான்கு உருளைகளுக்கும் பிரேக் எண்ணெய் ஒரே வழியில் செல்கிறது. எங்கேனும் ஒரு குழாய் வெடித்தால் நான்கும் செயலிழக்கும். பின்னுருளைகளைப் பிடிக்கும் கைத்தடை ஒன்றே மிஞ்சும். ஆகவே மூல உருளை, சக்கர உருளைகள், நெகிழ்குழாய்கள், குழாய்த் தொடர் ஆகியவற்றைப் புதுப்பிப்பதில் சிக்கனம் பார்த்தல் உயிரோடு விளையாடுவதாகும். பழைய பிரேக் தேய்பட்டைகளில் கல்நார் கலந்திருக்கும். அதன் தூளைக் காற்றால் ஊதுதல் கூடாது; மூச்சுக் கவசம் அணிந்து, ஈரத்துணியால் துடைத்தெடுக்க வேண்டும்.

டயருக்கு வருவோம். வெட்டு ஆழம் குறையாத பழைய டயர் கண்ணுக்குப் புதிதுபோல் தோன்றும். ஆயினும் இரப்பர் காலத்தால் இறுகும். காற்றிலுள்ள ஓசோனால் வெடிக்கும். பத்தொன்பது அங்குலக் கம்பிச் சக்கரத்தின் டயரும் உட்குழாயும் புதியனவாகவே இருத்தல் வேண்டும். சக்கரக் கம்பிகளைச் சிறு கோலால் தட்டிப் பார்த்தால், தளர்ந்த கம்பி வீணைத்தந்தி தளர்ந்தாற்போல் மங்கிய ஒலி தரும். சக்கரத்தைப் பிடிக்கும் நடுமரைகள் இடப்புறமும் வலப்புறமும் எதிரெதிர்த் திசையில் முடுக்கப்படுபவை. மாற்றிப் பூட்டினால் ஓட்டத்தின்போதே கழன்றுவிடும். தேருக்கு அச்சாணியின் இன்றியமையாமையைத் தமிழ் மாணவர்க்குச் சொல்லித் தெரிய வேண்டுவதில்லை.

இவ்வளவும் முடிந்தபின் சட்டத்தின் கடமை உண்டு. உரிமைச் சான்றும், அடிச்சட்ட எண்ணும், இயந்திர எண்ணும் ஒத்திருக்க வேண்டும். சாலைப் போக்குவரத்துத் துறையின் விதிப்படி சோதனையும் காப்புறுதியும் சாலை வரியும் முறையாக அமைய வேண்டும். முதல் ஓட்டம் ஆளில்லாத தோட்டச் சாலையில் நடைவேகத்தில் நிகழட்டும். நின்று பார்த்து, ஒழுக்கு உண்டா என்று நோக்கி, மீண்டும் சிறிது தொலைவு செல்லட்டும். 1994இல் முற்றுப்பெற்ற வடக்கு-தெற்கு விரைவுச் சாலையில் மணிக்கு 110 கிலோமீட்டர் வேகத்தில் பாயும் வண்டிகளுக்கிடையே, இருக்கை வாரும் உறுதியான கூரையும் இன்றிச் செய்யப்பட்ட இக்குறுந்தேரைச் செலுத்துதல் அறிவுடைமை ஆகாது. அதற்குரியவை பழைய ஊர்ச்சாலைகளே.

எதைக் காப்பது? எதை மாற்றுவது?

இங்கே ஒரு வினா எழுகிறது. எல்லாவற்றையும் புதிதாக்கிவிட்டால் அது பழைய வண்டியாகுமா? எதையும் தொடாமல் விட்டால் அது ஓடுமா? இவ்வினா நமக்குப் புதிதன்று. 1887இல் சீவக சிந்தாமணியை அச்சேற்றிய உ.வே. சாமிநாதையரும், அவ்வாண்டே கலித்தொகையைப் பதிப்பித்த சி.வை. தாமோதரம் பிள்ளையும், செல்லரித்த ஏடுகளின் முன் இத்தகைய வினாவோடுதான் அமர்ந்திருந்தனர். நல்ல பதிப்பாசிரியர் சிதைந்த இடத்தில் தம் சொல்லைப் பெய்து மூலம் எனக் காட்டார்; எது மூலம், எது திருத்தம் என்பதைக் குறித்து வைப்பார். நல்ல பட்டறைக்காரர்க்கும் அதுவே அறம்.

ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. ஏட்டில் பிழை நேர்ந்தால் பொருள் கெடும். வண்டியில் பிழை நேர்ந்தால் உயிர் கெடும். ஆகவே உயிர் காக்கும் உறுப்புகளில், அதாவது பிரேக், டயர், திருப்புபெட்டி, மின்கம்பி ஆகியவற்றில், பழைமை பார்த்தல் கூடாது, துணிந்து மாற்றுக. தோல் இருக்கையின் கீறல், முகப்பலகையின் மங்கல், தகட்டின் சிறு நெளிவு ஆகியவற்றில் விரைந்து கைவைத்தல் கூடாது. அவை வண்டியின் தன்வரலாறு. கழற்றிய உறுப்பை எறியாமல் பெயரெழுதிப் பேணுக. செய்த மாற்றங்களை நாளிட்டு ஏட்டில் எழுதுக. பின்வருவோர்க்கு அவ்வேடே உரையாகும்.

முடிப்பு

மீட்கப்பட்ட அவ்வண்டி ஒரு காலை வேளையில் குளுவாங்கையோ கூலாயையோ கடந்து செல்வதாக நினைத்துப் பாருங்கள். சாலையோரத்தில் பண்டு கித்தா நின்ற நிலங்களில் இன்று பெரிதும் செம்பனை நிற்கிறது. லயங்கள் பல மறைந்துவிட்டன. காண்போர் வண்டியின் அழகை வியப்பர். அதனை ஓட்டிய துரையின் பெயரையும் யாரேனும் நினைவுகூர்வர். அதன் டயருக்குப் பால் சீவியவரின் பெயரை எவரும் கேளார்.

கேட்க வேண்டியவர் நாம். நம் மாணவரிடம் ஒரு சிறு பணியை ஒப்படைப்போம்: வீட்டில் இன்னும் வாழும் பாட்டன் பாட்டியரிடம் சென்று, எந்தத் தோட்டத்தில், எத்தனையாம் நிரையில், யாருடைய கங்காணத்தில் பால் வெட்டினர், பட்டறையில் யார் வேலை செய்தனர் என்று கேட்டு எழுதி வரச் சொல்வோம். இரும்பு துருவேறினும் பொறுத்திருக்கும். நாற்பதாண்டு கழித்தும் அதனைத் துலக்கலாம். மனித நினைவுக்கு அத்தகைய பொறுமை இல்லை. கொட்டகையில் கிடக்கும் வண்டியை மீட்க ஆயிரம் கைகள் வரலாம். நினைவில் கிடக்கும் அம்மனிதரை மீட்க நம்மையன்றி வேறு யார் வருவார்?