கேர்ட்டிஸ் மேபீல்ட்: உரத்து ஒலியாத உரிமைக்குரல்

உரிமை வேண்டி எழுந்த மக்கள் இயக்கங்கள் யாவும் தமக்கெனச் சில பாட்டுக்களைத் தேடிக்கொள்வதுண்டு. அவை பெரும்பாலும் முரசென முழங்குவன. ஆயின், அமெரிக்க ஐக்கிய நாட்டின் கறுப்பின மக்கள் 1960களில் சமத்துவம் வேண்டி அணிவகுத்தபோது அவர்களுக்கு ஊக்கமளித்த குரல்களுள் ஒன்று மிக மென்மையானது; மேற்ஸ்தாயியில் இழைந்து செல்வது. அக்குரலுக்குரியவரே கேர்ட்டிஸ் மேபீல்ட்.

1942ஆம் ஆண்டு யூன் மாதம் 3ஆம் நாள் சிக்காகோ நகரிலே பிறந்த அவரது இளமை வறுமையிற் கழிந்தது. பாட்டியார் போதனை செய்த சிறு தேவாலயத்தின் பாடல்களே அவருக்கு முதற் பாடமாயின. கிற்றார் வாத்தியத்தை அவர் தாமாகவே பயின்றார். பியானோவின் கறுப்புக் கட்டைகளில் விரல் பழகியிருந்தமையால், அக்கட்டைகளின் சுரங்களுக்கு இசையவே கிற்றாரின் தந்திகளையும் சுருதி கூட்டிக்கொண்டார். வழக்கத்துக்கு மாறான அச்சுருதியே பின்னர் அவர் வாசிப்புக்குத் தனியழகு தந்தது.

பள்ளிப் படிப்பை இடையில் நிறுத்திய மேபீல்ட், 'இம்பிறெஷன்ஸ்' என்னும் குழுவிற் சேர்ந்து, காலப்போக்கில் அதன் முதற் பாடகராகவும் பாடலாசிரியராகவும் விளங்கினார். தேவாலயப் பாடலின் உருக்கத்தை உலகியற் பாடலுக்குக் கொணர்ந்த இசையே 'சோல்' என வழங்குவது. அவ்விசையிலே 1964இல் 'கீப் ஒன் புஷிங்' என்ற பாடலையும், 1965இல் 'பீப்பிள் கெற் றெடி' என்ற பாடலையும் அவர் ஆக்கினார். முன்னது தளராது முன்னேறுக என ஊக்குவது. பின்னது விடுதலையைப் புகைவண்டியாக உருவகிக்கும் பழைய பக்திப் பாடல் மரபில் வந்தது. இரண்டும் குடியியல் உரிமை இயக்கத்தாரின் நாவில் இடம்பெற்றன. பகைமையை வளர்க்கும் சொல் எதுவும் அவற்றில் இல்லை.

பாட்டில் மட்டுமன்றிக் கணக்கேட்டிலும் உரிமையை நாடியவர் அவர். பாடல் புனைந்தோர் வறியராகவும் வெளியிட்டோர் செல்வராகவும் இருந்த காலத்தில், தம் பாடல்களின் பதிப்புரிமையைத் தம் கையிலேயே வைத்துக்கொள்ள முயன்றார். 1968இல் 'கேர்ட்டம்' என்னும் இசைத்தட்டு நிறுவனத்தையும் நண்பர் ஒருவருடன் சேர்ந்து தொடங்கினார்.

1970இல் குழுவை விட்டுத் தனித்துப் பாடலானார். தாளத்துக்கே முதன்மை தரும் 'ஃபங்க்' இசையை அவர் கையாண்ட திறத்துக்கு 1972இல் வெளிவந்த 'சூப்பர் ஃப்ளை' திரைப்படப் பாடல்கள் சான்றாகும். போதைப்பொருள் வணிகன் ஒருவனைக் கதைநாயகனாகக் கொண்டது அப்படம். படம் அவனைப் பகட்டாகக் காட்டியது. பாடல்களோ அவ்வாழ்வு விளைக்கும் அழிவை எடுத்துரைத்தன.

பிறர்க்குரைத்த அறிவுரை அவரையே சோதித்த நாளும் வந்தது. 1990 ஆகஸ்டில் நியூயோர்க்கின் புறூக்லின் பகுதியில், திறந்தவெளி மேடையிலே பலத்த காற்றால் விளக்குச் சட்டகம் சரிந்து அவர்மீது வீழ்ந்தது. கழுத்துக்குக் கீழே உடல் முழுவதும் செயலிழந்தது. கிற்றாரை இனித் தொடவும் இயலாது. எனினும் அவர் ஓய்ந்தாரில்லை. மல்லாந்து படுத்தவாறே, மூச்சு இடங்கொடுத்த அளவுக்கு வரிவரியாகப் பாடிப் பதிவுசெய்த பாடல்கள் 1996இல் 'நியூ வேள்ட் ஓடர்' என்னும் தொகுதியாக வெளிவந்தன.

1999 டிசெம்பர் 26இல் அவர் மறைந்தார். தளராது முன்னேறுக என 1964இல் மக்களுக்குரைத்தவர், அசையவும் இயலாத நிலையிலே அவ்வுரையைத் தாமே மெய்ப்பித்துச் சென்றார்.