இரண்டு பிக்கப், இரண்டு ப்ரீஆம்ப்

ரிக்கன்பேக்கர் 4001 பேஸ் கிட்டாரில் இரண்டு ஜாக் உண்டு. ஒன்று வழக்கமான மோனோ. மற்றது 'ரிக்-ஓ-சவுண்ட்': நெக் பிக்கப்பின் ஒலியும் பிரிட்ஜ் பிக்கப்பின் ஒலியும் அதில் தனித்தனியாக வெளிவரும். ரஷ் குழுவின் கெடி லீ 1970களில் இப்படிப் பிரித்துத்தான் இரண்டு ஆம்புகளுக்கு அனுப்பினார். இந்த இரண்டு வழிகளுக்கும் ப்ரீஆம்ப் தேடும்போது நான் எடைபோட்டுப் பார்ப்பவை அலெம்பிக் எஃப்-2பி, டெக் 21 நிறுவனத்தின் சான்ஸ்ஆம்ப் பேஸ் டிரைவர்.

எஃப்-2பி வால்வு ப்ரீஆம்ப். ராக்கில் பொருத்துவது, ஒரே பெட்டியில் இரண்டு சேனல். அதன் டோன் சர்க்யூட் பழைய ஃபெண்டர் ஆம்புகளின் வழிவந்தது. அதனால் எல்லாக் குமிழ்களையும் நடுவில் வைத்தால் மிட் குழிந்துதான் இருக்கும். பேஸையும் ட்ரெபிளையும் நன்றாகக் குறைத்து மிட்டை முழுதும் திறந்தால்தான் ஒலி ஏறத்தாழ நேராகும். இது தெரியாமல் 'வால்வு என்றாலே இப்படித்தான்' என்று பலர் ஒதுக்கிவிடுவது வருத்தம் தருகிறது. டேவிட் கில்மோர் தன் கிட்டாருக்கே இதைப் பயன்படுத்தியவர்.

சான்ஸ்ஆம்பில் வால்வு கிடையாது. வால்வு ஆம்பின் உறுமலை டிரான்சிஸ்டர் வழிச் சர்க்யூட்டால் உருவாக்குகிறது. டிரைவ், பிரசன்ஸ், நேரடி ஒலியைக் கலக்க ப்ளெண்ட். மிக்ஸருக்கு நேராகப் போகலாம். ஆனால் ஒரே சேனல்.

இரண்டு சான்ஸ்ஆம்ப் வாங்குவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். நெக் பிக்கப்பில் டிரைவ் ஏற்றினால் கீழ்ச்சுரங்கள் கலங்கிவிடும். இரண்டு அவுட்புட் கொண்ட யமஹா ஆட்டிட்யூட் பேஸில் பேஸ் கலைஞர் பில்லி ஷீஹன் செய்வது சரியான வழி: நெக் பக்கத்து ஆழ்ந்த ஒலி தெளிவாகவே போகும், டிஸ்டார்ஷன் மற்ற பிக்கப்புக்கு. ரிக்கன்பேக்கரிலும் நெக்குக்கு எஃப்-2பி, பிரிட்ஜுக்கு சான்ஸ்ஆம்ப் என்பதே என் தேர்வு. கையில் பணம் ஒன்றுக்குத்தான் என்றால் சான்ஸ்ஆம்பை வாங்கலாம். நெக் ஒலி நல்லதொரு டிஐ பாக்ஸ் வழியே போனாலும் குறையொன்றும் இராது. மிக்ஸரில் இரண்டு சேனலையும் இடவலமாகப் பிரித்து வைக்கவும் வேண்டாம். நெக் சேனல் நடுவில் நின்றால்தான் டிரம்ஸோடு ஒட்டும்.

வேறுவேறு ப்ரீஆம்ப்களைச் சேர்ப்பதில் ஒரு சிக்கல் உண்டு. ஒலியைப் பெருக்கும் பல நிலைகள் அலையைத் தலைகீழாக்கும். ஒன்றில் திரும்பி மற்றதில் திரும்பாவிட்டால், சேரும்போது கீழொலி ஒன்றையொன்று தின்றுவிடும். கீழ் ஈ கம்பியை மீட்டி, இரண்டு சேனலையும் மோனோவில் கேளுங்கள். ஒலி மெலிந்தால் மிக்ஸரில் ஒரு சேனலின் ஃபேஸ் பட்டனை அழுத்துங்கள். எந்த நிலையில் அடி கனக்கிறதோ அதிலேயே விட்டுவிடுங்கள்.