பொய்யன் தள்ளுபடி செய்த வரி

பேரரசுகளின் எழுச்சி, வீழ்ச்சி என்று பேச ஆரம்பித்தாலே எனக்கு ஒரு சந்தேகம் வந்துவிடுகிறது. எழுந்தது யார், விழுந்தது யார்? பாடப்புத்தகத்தில் சைரஸ் கி.மு. 550 வாக்கில் எழுகிறார், மூன்றாம் டேரியஸ் கி.மு. 330-இல் விழுகிறார். நடுவில் 220 வருஷம் சிந்து நதியிலிருந்து ஏஜியன் கடல்வரை விதைத்தவர்கள், கல் சுமந்தவர்கள், வரி கட்டியவர்கள் இந்த வாக்கியத்துக்குள் எங்கேயும் இல்லை. ஒரு மலைக் கல்வெட்டையும் கொஞ்சம் களிமண் சில்லுகளையும் பக்கம் பக்கமாக வைத்து வாசிக்கிற முயற்சிதான் இது.

மேற்கு ஈரானில், பாபிலோனிலிருந்து எக்பதானாவுக்குப் போகும் பழைய பாதையோரம் பெகிஸ்தூன் பாறை நிற்கிறது. முதலாம் டேரியஸ் ஒருவன்மேல் காலை வைத்து நிற்கிறார். எதிரே கழுத்தில் கயிறு பிணைத்த 9 பேர். சுற்றிலும் எலாமியம், பாபிலோனியம், பழம்பாரசீகம் என மூன்று மொழிகளில் ஒரு மெய்க்கீர்த்தி. கீழே நிற்கிற எவனாலும் அதைப் படிக்க முடியாது, அத்தனை உயரம். ஆனால் படிக்கவைத்தார்கள். பாபிலோனில் ஒரு பிரதியின் துண்டுகள் கிடைத்தன. எகிப்தின் எலிபண்டைன் தீவில் நூறு வருஷம் கழித்தும் அராமிய மொழியில் பாப்பிரஸில் நகலெடுத்திருக்கிறார்கள்.

அரசன் சொல்லும் கதை இது: காம்பைசஸ் தன் தம்பி பர்தியாவை ரகசியமாகக் கொன்றார், கௌமாதா என்ற பூசாரி, நான்தான் பர்தியா என்று சொல்லிக் கி.மு. 522-இல் அரியணையைப் பிடித்தான். டேரியஸ் அவனைக் கொன்றார். பிறகு ஒரே வருஷத்தில் 19 போர்கள். பாபிலோன், எலாம், மீடியா, ஏன் பாரசீகமே எதிர்த்து எழுந்தது. எதற்காக எழுந்தார்கள்? பிரதி ஒரு காரணமும் சொல்வதில்லை. பொய்தான் அந்நாடுகளைக் கலகம் செய்யவைத்தது என்கிறது. எதிர்த்தவன் ஒவ்வொருவனும் பொய்யன். கலகக்காரனின் நியாயத்தைப் பேசவே இடமில்லாத ஒரு சொல்லாடல் இது.

ஹெரோடோட்டஸும் அந்த அரசனைப் போலி என்றே நம்புகிறார். ஆனால் கை தவறி விழுந்த மாதிரி ஒரு தகவலை விட்டுப்போகிறார்: அந்தப் போலி எல்லா நாடுகளுக்கும் மூன்று வருஷத்துக்கு வரியையும் படைச் சேவையையும் தள்ளுபடி செய்தானாம், அவன் செத்தபோது பாரசீகர் தவிர ஆசியா முழுக்க வருந்தினார்களாம். கொல்லப்பட்டவன் நிஜமான பர்தியாதான் என்று இன்று பல வரலாற்றாசிரியர்கள் சந்தேகிக்கிறார்கள். நிஜமோ போலியோ, வரி கட்டினவனுக்கு அந்த வித்தியாசம் எதுக்கு? அடுத்து டேரியஸ் நாட்டை 20 மாகாணங்களாகப் பிரித்து இவ்வளவு வெள்ளி என்று நிர்ணயிக்கிறார்.

வெள்ளி எங்கே போனது? 1933-இல் பெர்சிபோலிஸ் கோட்டைச் சுவருக்குள் ஆயிரக்கணக்கான களிமண் சில்லுகள் கிடைத்தன. கி.மு. 509-493 காலத்து ரேஷன் கணக்குகள், பெரும்பாலும் எலாமிய மொழியில். ரிச்சர்ட் ஹாலக் 1969-இல் 2,087 பிரதிகளைப் பதிப்பித்தார். 'குர்தாஷ்' எனப்படும் வேலையாட்கள், பாபிலோனியர், எகிப்தியர், லிசியர், திரேசியர் என்று நாடுவாரியாக எண்ணப்பட்டு, ஆணுக்கு இவ்வளவு, பெண்ணுக்கு இவ்வளவு, பையனுக்கு இவ்வளவு தானியம் என்று அளந்து கொடுக்கப்படுகிறார்கள். பெண் மேற்பார்வையாளர்கள் சிலர் ஆண்களைவிட அதிகமாக வாங்கினார்கள். இதைக் காட்டிப் பூரித்துப்போகிறவர்கள் உண்டு. அதே கணக்கில் பிள்ளை பெற்றவளுக்குத் தனிப்படி உண்டு. ஆண் குழந்தை என்றால், பெண் குழந்தைக்குக் கொடுத்ததைப் போல இரண்டு மடங்கு. இந்த வரி பெகிஸ்தூனில் இல்லை.

வீழ்ச்சிக்கு வருவோம். சுகபோகத்தில் அழுகிப்போன கீழைத்தேய அரசு, தள்ளியதும் சாய்ந்தது என்பது கிரேக்கர் விட்டுப்போன கதை. 1980களில் ஹெலீன் சான்சிசி-வேர்டன்பர்க், அமேலி கூர்ட், பியர் பிரியான் போன்றவர்கள் இதைக் கட்டுடைத்தார்கள். நல்ல காரியம். ஆனால் அரசு நன்றாகத்தான் இயங்கியது என்று நிரூபிக்கிற வேகத்தில், யாருக்கு நன்றாக என்கிற கேள்வி சில சமயம் பின்னுக்குப் போய்விடுகிறது. நிப்பூரில் கிடைத்த முரஷு குடும்பத்தின் ஆவணங்களைப் பாருங்கள், கி.மு. 5-ஆம் நூற்றாண்டின் பின்பாதி. படைச் சேவைக்காக 'வில் நிலம்' பெற்றவர்கள் அதே நிலத்தை அடகு வைத்து வரி கட்டக் கடன் வாங்குகிறார்கள்.

கி.மு. 330-இல் அலெக்சாண்டர் பெர்சிபோலிஸில் எடுத்தது 1,20,000 தாலந்து என்கிறார் டியோடோரஸ். தொகையை அப்படியே நம்ப வேண்டாம்; குவிந்திருந்தது உண்மை. பிறகு அரண்மனை எரிந்தது. பாபிலோனில் மசாயஸ் என்கிற டேரியஸின் தளபதியே புது எஜமானரின் கீழ் ஆளுநராக உட்கார்ந்தார். நிர்வாகம் விழவில்லை, கை மாறியது.

சில்லுகளின் கதை அங்கே முடியவில்லை. படிப்பதற்காக 1930களில் சிகாகோவுக்கு இரவலாகப் போனவை அவை. 1997 ஜெருசலேம் குண்டுவெடிப்பில் பாதிக்கப்பட்டவர்கள், ஈரான் மீது பெற்ற நஷ்டஈட்டுத் தீர்ப்புக்கு ஈடாக இவற்றைக் கைப்பற்ற வழக்காடினார்கள். அவர்கள் காயம் நிஜம். ஆனால் ஏலத்தில் சில்லு சில்லாகப் பிரிந்திருந்தால் ஒவ்வொன்றும் வெறும் ரசீது. சேர்த்து வாசிக்கும்போதுதான் அந்த இரட்டைப்படி கண்ணில் படுகிறது. கைப்பற்ற முடியாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2018-இல் சொன்னது. 2019-இல் ஒரு பகுதி டெஹ்ரான் திரும்பியது.