அறுந்தது எங்கே?

தாம்பரத்தில் உட்கார்ந்துகொண்டு சிங்கப்பூரில் உள்ள சர்வரில் வேலை பார்ப்பது இப்போது சாதாரணம். அந்த ஒரு சர்வருக்குள் பத்து விர்ச்சுவல் மெஷின்கள் ஓடும். ஒருநாள் ரிமோட் டெஸ்க்டாப் திறக்கவில்லை என்றால் உடனே "சர்வர் டவுன், ரீஸ்டார்ட் பண்ணுங்க" என்று போன் போகும். ரீஸ்டார்ட் செய்தால் பத்து மெஷினும் சேர்ந்து விழும். அதில் யாரோ ஒருவருடைய டேலி கணக்கு சேமிக்காமல் திறந்திருக்கும். கடைசியில் பார்த்தால் சர்வருக்கு ஒன்றுமே ஆகியிருக்காது, வழிதான் அறுந்திருக்கும்.

இருந்த இடத்திலிருந்தே அறுந்த இடத்தைக் கண்டுபிடிக்கும் வித்தை மிகப் பழையது. 1871-லேயே சென்னையிலிருந்து பினாங்கு வழியாகச் சிங்கப்பூருக்குக் கடலடித் தந்தி கேபிள் இருந்தது. இப்படிப்பட்ட கேபிள் நடுக்கடலில் அறுந்தால் எங்கே போய்த் தேடுவது? வங்காள விரிகுடா ஒன்றும் செம்பாக்கம் ஏரி இல்லையே! கரையில் இருந்தபடி கேபிளின் மின்தடையை அளப்பார்கள். ஒரு மைலுக்கு எவ்வளவு தடை என்பது முன்பே தெரியும். வகுத்தால் தூரம் வந்துவிடும். ஆனால் அறுந்த முனை உப்புத் தண்ணீரில் படுவதால் அதுவும் கொஞ்சம் தடையைச் சேர்க்கும். அதைச் சரியாகக் கழிப்பதில்தான் ஆளின் திறமை. பிறகு கப்பல் போய்க் கொக்கி போட்டுக் கேபிளை மேலே இழுக்கும். இன்றைய கண்ணாடி இழை கேபிளில் ஒளித்துடிப்பை அனுப்பி, அது திரும்பி வரும் நேரத்தை அளக்கிறார்கள்.

1983 டிசம்பரில் அமெரிக்க ராணுவ ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்த மைக் மூஸ் 'பிங்' புரோகிராமை எழுதினார். கடலுக்கடியில் தேடும் சோனாரின் சத்தம்தான் அந்தப் பெயர். முதலில் வீட்டு ரூட்டர், அடுத்து இந்தியாவுக்குள் ஏதாவது ஒரு தளம், அதன்பின் சிங்கப்பூர் சர்வர் என்று வரிசையாகப் பிங் செய்தால் பதில் நிற்கும் இடம் தெரியும். (சில சர்வர்கள் வேண்டுமென்றே பிங்குக்குப் பதில் தராது, ஜாக்கிரதை.)

2016 டிசம்பர் 12-ல் வர்தா புயல் சென்னையைத் தாக்கியபோது கடலடி கேபிள் சேதமானதால் இணைய வேகம் குறையலாம் என்று ஏர்டெல் வாடிக்கையாளர்களுக்குச் செய்தி அனுப்பியது. அப்படிப்பட்ட நாளில் சர்வரை எத்தனை முறை ரீஸ்டார்ட் செய்து என்ன பயன்?

சர்வர் பதில் சொல்லி, ஒரு விர்ச்சுவல் மெஷின் மட்டும் பேசவில்லை என்றால் கதை வேறு. அப்போது கடலை விட்டுவிடுங்கள். அந்த மெஷின் ஓடுகிறதா, அதன் விர்ச்சுவல் நெட்வொர்க் இணைந்திருக்கிறதா, 3389 போர்ட்டை ஃபயர்வால் அடைத்திருக்கிறதா என்று பாருங்கள்.