வானில் ஓர் ஆசியா

ஆசியா என்னும் பெயர் மண்ணிலுள்ள கண்டத்திற்கு மட்டும் உரியதன்று. செவ்வாய்க்கும் வியாழனுக்கும் இடையே ஞாயிற்றைச் சுற்றிவரும் சிறுகோள்களுள் ஒன்றுக்கும் அப்பெயர் உண்டு. வரிசையில் அது 67-ஆவது. 1861-ஆம் ஆண்டு ஏப்ரல் 17-ஆம் நாள், சென்னை நுங்கம்பாக்கத்து வானாய்வுக்கூடத்தில் அதனைக் கண்டறிந்தவர் நார்மன் ராபர்ட் போக்சன் என்னும் ஆங்கிலேயர். ஆசியக் கண்டத்திலிருந்து கண்டறியப்பட்ட முதல் சிறுகோள் அதுவே, ஆதலின் அப்பெயர். கிரேக்கப் புராணத்திலும் ஆசியா என்றொரு பெண் தெய்வம் உண்டு. சிறுகோள்களுக்குப் பெண் தெய்வங்களின் பெயரைச் சூட்டுவது அக்கால வழக்கம். எனவே வழக்கும் கெடவில்லை, கண்டறிந்த இடமும் பெயரில் நின்றுவிட்டது.

போக்சன் அவ்வாண்டின் தொடக்கத்தில்தான் சென்னைக்கு வந்திருந்தார். ஆக்ஸ்போர்டில் இருந்தபோதே மூன்று சிறுகோள்களைக் கண்டவர் அவர். சிறுகோளைத் தேடுவது எளிய வேலையன்று. தொலைநோக்கியிலும் அது வட்டமாகத் தோன்றாது. மற்ற விண்மீன்களைப் போல ஒரு புள்ளியாகவே தோன்றும். வானத்தின் ஒரு பகுதியிலுள்ள மங்கிய விண்மீன்களையெல்லாம் படத்தில் குறித்துக்கொள்ளவேண்டும். மறுநாளும் அதற்கடுத்த நாளும் படத்தையும் வானத்தையும் ஒப்பிடவேண்டும். எல்லாம் நின்ற இடத்தில் நிற்க, ஒன்று மட்டும் சற்றே நகர்ந்திருந்தால் அதுதான் கோள். கண்ணைவிடப் பொறுமைக்கே அங்கு வேலை மிகுதி.

ஜெராம் கடற்கரையில் நிலவில்லாத இருண்ட இரவில் நின்று பார்த்தாலும் இந்த ஆசியா கண்ணுக்குத் தெரியாது. அது எதிர்நிலையில் உள்ள நாள்களில், அதாவது பூமிக்கு ஒருபுறம் ஞாயிறும் மறுபுறம் அதுவுமாக நிற்கும்போது, பொழுது சாயும் வேளையில் கிழக்கே தோட்டங்களின் பக்கம் எழும். நள்ளிரவில் உயர நிற்கும். விடியும் வேளையில் மலாக்கா நீரிணையின் பக்கம் மறையும். விடிவெள்ளியைப் பார்த்துப் பிரட்டுக்குப் போன தோட்டத்து மக்களின் தலைக்கு மேலும் அது பலமுறை சென்றிருக்கும். மிகப் பொலிவான நாளிலும், வெறுங்கண்ணுக்குத் தெரியும் கடைசி விண்மீனைவிட ஏறத்தாழ 30 மடங்கு மங்கலானது அது.

அதன் பாதையைப் பள்ளிக்கணக்கைக் கொண்டே அறியலாம். ஞாயிற்றிலிருந்து பூமி உள்ள தொலைவை 1 எனக் கொண்டால், ஆசியாவின் சராசரித் தொலைவு 2.42. கெப்ளர் வகுத்த விதிப்படி இந்த எண்ணை மும்முறை பெருக்கி, வருவதற்கு வர்க்கமூலம் காணவேண்டும். 2.42-ஐ மும்முறை பெருக்க 14.17; அதன் வர்க்கமூலம் ஏறத்தாழ 3.77. ஆசியா ஒருமுறை ஞாயிற்றைச் சுற்ற எடுத்துக்கொள்ளும் ஆண்டுகள் இவையே. பாதை சரியான வட்டமன்று. ஞாயிற்றுக்கு அண்மையில் வரும்போது 29½ கோடி கிலோமீட்டர், விலகும்போது 43 கோடி கிலோமீட்டர் அளவில் நிற்கிறது. பூமி செல்லும் தளத்திற்கு 6 பாகை சாய்ந்தது அப்பாதை. எதிர்நிலை ஏறத்தாழ 16 மாதங்களுக்கு ஒருமுறை வரும்.

பாதையைக் கணக்கால் பிடித்துவிடலாம். உடல் எத்தகையது? இங்குதான் கதை சுவைபெறுகிறது. விண்மீன்களின் ஒளியை முதல் தரம், இரண்டாம் தரம் என்று பிரிப்பது கிரேக்கர் காலத்து வழக்கம். அதற்கு ஒரு திட்டமான அளவுகோலை 1856-ல் முன்மொழிந்தவரும் போக்சனே. ஐந்து தரம் இறங்கினால் ஒளி நூறில் ஒரு பங்காகும் என்றார் அவர். ஒரு தரத்திற்கும் அடுத்ததற்கும் உள்ள விகிதம் 2.512. உலகெங்கும் வானியலார் இன்றும் வழங்குவது அவ்விகிதமே. தாம் கண்ட கோளின் பருமனை அளப்பதற்கு வேண்டிய கோலின் பாதியை அவரே செய்துவைத்தார் எனலாம்.

மறுபாதிக்கு நூறாண்டுக்கு மேல் காத்திருக்க வேண்டியதாயிற்று. ஒரு புள்ளி மங்கலாக இருக்கிறது என்றால், அது சிறிய வெண்ணிறக் கல்லாகவும் இருக்கலாம், பெரிய கரிக்கட்டியாகவும் இருக்கலாம். ஒளியளவு இரண்டிற்கும் ஒன்றே. ஆசியா கரிபோல் விழும் ஒளியில் நூற்றுக்கு 5 பங்கே திருப்பி அனுப்புவதாயின், அதன் குறுக்களவு ஏறத்தாழ 130 கிலோமீட்டர் என்று முடியும். 1983-ல் செலுத்தப்பெற்ற ஐராஸ் என்னும் செயற்கைக்கோள் சிறுகோள்களின் வெப்பக் கதிர்களை அளந்தது. கரிய பொருள் ஒளியை விழுங்கிச் சூடேறும். வெளிறிய பொருள் ஒளியைத் திருப்பிவிட்டுக் குளிர்ந்தே இருக்கும். இரண்டையும் சேர்த்துப் பார்த்தபோது ஆசியா நூற்றுக்கு 25 பங்கு ஒளியைத் திருப்புகிறது என்பது விளங்கிற்று. குறுக்களவும் ஏறத்தாழ 58 கிலோமீட்டர் என்று சுருங்கிற்று. பின்வந்த அளவீடுகள் சில 61 என்கின்றன. ஜெராமிலிருந்து கோலாலம்பூருக்கு நேர்கோடு இழுத்தால் அக்கோடு இதற்குள் அடங்கிவிடும்.

அவ்வளவு ஒளியைத் திருப்புவது கல். ஆசியாவின் ஒளியை நிறமாலையாகப் பிரித்தவர்கள் அதனைக் கல்லினச் சிறுகோள்களுடன் சேர்த்தனர். ஒலிவின், பைராக்சீன் என்னும் கனிமங்களும், இரும்பும் நிக்கலும் கலந்த உலோகமும் அவ்வினத்தில் உள்ளவை. பூமியில் விழும் விண்கற்களுள் மிகப் பெரும்பாலானவையும் இத்தகைய கற்களே. ஆனால் இரண்டும் ஓரினமா என்ற ஐயம் நெடுநாள் இருந்தது. சிறுகோள்கள் சற்றுச் சிவந்து தோன்றின, விண்கற்கள் அவ்வாறு தோன்றவில்லை. ஐயத்தைத் தீர்த்தது ஆசிய நாடொன்றே. ஜப்பான் அனுப்பிய ஹயபுசா என்னும் கலம் 2005-ல் இட்டோகாவா என்ற சிறு கல்லினக் கோளில் இறங்கியது. அக்கோள் அரை கிலோமீட்டருக்குச் சற்றே நீளமானது. 2010 ஜூனில் அதன் துகள்கள் பூமிக்கு வந்து சேர்ந்தன. ஒரு சிறுகோளின் மண் மனிதன் கைக்கு வந்தது அதுவே முதன்முறை. பொருள் விண்கல்லின் பொருளே. ஞாயிற்றுக் காற்று நெடுங்காலம் பட்டு மேற்பரப்பு மட்டும் நிறம் மாறியிருந்தது.

ஆசியா தன்னைத்தானே சுற்றும் காலத்தைக் காண்பதிலும் ஒரு தொல்லை இருந்தது. ஒளி கூடிக் குறைவதைக் கொண்டு அறிந்த அக்காலம் 15.85 மணி. மூன்று சுற்று முடிய ஏறத்தாழ 47½ மணி ஆகும். இது இரண்டு நாளுக்கு மிக அண்மையில் இருப்பதால், ஓரிடத்திலிருந்து ஒன்றுவிட்டு ஒருநாள் பார்ப்பவருக்குக் கோள் பெரும்பாலும் ஒரே முகத்தையே காட்டும். முழுமுகத்தையும் காணப் பல இரவுகள் வேண்டும்.

இனி, பெயருக்கு மீளலாம். 1792-ல் எழுந்த நுங்கம்பாக்கத்துக் கூடத்தில் கருவியைத் தாங்க நிறுத்திய கருங்கல் தூண் இன்றும் உள்ளது. ஆசியாவில் கணித அறிவியலை முதன்முதலாக ஊன்றியது பிரிட்டிஷாரின் கொடையே என்பதை ஆயிரம் ஆண்டுகளுக்குப் பின் வருவோரும் அறியவேண்டும் என்பது அதனை நிறுத்தியோரின் கருத்து. தூணில் தமிழ் எழுத்தும் உண்டு என்பதுதான் வேடிக்கை. அதே கூடத்திற்குச் சில காலம் பொறுப்பேற்றிருந்த ஜான் வாரன் என்பவர், 1825-ல் புதுச்சேரியில் தமிழ்ப் பஞ்சாங்கக் கணக்கர் ஒருவரைக் கண்டார். அவர் எழுதுகோல் எடுக்கவில்லை. தரையில் சோழிகளைப் பரப்பி, மனப்பாடமான வாய்பாடுகளைச் சொல்லிக்கொண்டே அவ்வாண்டுச் சந்திர கிரகணத்தைக் கணித்துக் காட்டினார். தொடக்கத்தில் பிழை 4 நிமிடம். நடுவில் 23, முடிவில் 52. பிழை சிறிதன்று, ஆயினும் ஊன்றப்படாத நிலத்தில் இது எங்ஙனம் முளைத்தது என்று தூணைக் கேட்கலாம்.

போக்சனின் கூடத்திலும் பஞ்சாங்கக் குடும்பத்திலிருந்து வந்த ஒருவர் இருந்தார். சிந்தாமணி ரகுநாதாச்சாரி என்னும் அவர் 1867-ல் தென்வானத்து ரெட்டிகுலம் என்ற குழுவில் ஒளி மாறும் விண்மீன் ஒன்றைக் கண்டறிந்தார். 1874-ல் வெள்ளி ஞாயிற்றைக் கடந்ததை மக்களுக்கு விளக்க இந்திய மொழிகளிலும் சிறுநூல் வெளியிட்டார். அவர் 1880-ல் மறைந்தார். போக்சன் சாஃபோ, சில்வியா, கமில்லா, வேரா என்று மேலும் நான்கு சிறுகோள்களைச் சென்னையில் கண்டு, 1891-ல் அங்கேயே காலமானார்.

1885-ல் கண்ட வேராவுக்குப் பின் நூறாண்டுக்கு மேல் இந்தியாவிலிருந்து புதுச் சிறுகோள் எதுவும் காணப்படவில்லை. 1988 பிப்ரவரியில் வட ஆர்க்காட்டுக் காவலூர் வானாய்வுக்கூடத்தில் ஆர். ராஜமோகன் ஒன்றைக் கண்டார். அதன் எண் 4130. அதற்குச் சூட்டிய பெயர் ராமானுஜன்.