நாம் கப்பலேறிய கரை: நாகப்பட்டினமும் நாகூரும்

சிங்கப்பூர் தெலுக் ஆயர் ஸ்திரீட்டில் இருக்கும் நாகூர் தர்காவில் யாரும் அடக்கமாகி இருக்கவில்லை. 1828க்கும் 1830க்கும் இடையில் அதைக் கட்டிய நம் முன்னோர், விட்டு வந்த ஊரின் நினைவாகத்தான் கட்டினார்கள். அன்று அந்தத் தெருவை ஒட்டியே கடல் இருந்தது. கப்பலை விட்டு இறங்கியவர் சில எட்டு வைத்தால் அங்கே வந்துவிடலாம். பினாங்கிலும் சூலியா ஸ்திரீட்டும் கிங் ஸ்திரீட்டும் சந்திக்கும் மூலையில் நாகூர் பெயரில் ஒரு தர்கா, இதைவிடப் பழையது. கடல் கடந்த இரண்டு துறைமுகங்களிலும் ஒரே ஊரின் பெயர்.

ஆனால் நாகூர் என்றால் என்ன என்று இன்று நம் பிள்ளைகளைக் கேட்டால் "தர்கா" என்ற ஒரு சொல்லோடு நின்றுவிடுகிறார்கள். பெரியவர்களிடம் கேட்டால் கந்தூரி கூடுமா, கூடாதா என்ற விவாதம் தொடங்கிவிடுகிறது. மார்க்கம் கற்ற ஆலிம்கள் இரண்டு பக்கமும் இருக்கிறார்கள். அதில் தீர்ப்புச் சொல்வது கடை நடத்தும் நம் போன்றவர்களின் வேலையல்ல. நம் கவலை வேறு. இந்த விவாதத்தின் சத்தத்தில் ஒரு துறைமுக நகரமே நம் நினைவிலிருந்து நழுவிக்கொண்டிருக்கிறது. கொடி ஏற்றுவோரும் ஏற்றாதோரும் ஒரே கரையில்தான் கப்பலேறினோம். பொன்விழா மலரில் அந்தக் கரையைப் பற்றிக் கொஞ்சம் எழுதி வைப்பது நல்லது என்று பட்டது.

நாகூர் தனி ஊர் என்றே நாம் பேசிப் பழகிவிட்டோம். அது நாகப்பட்டினம் நகராட்சிக்குள்தான் இருக்கிறது, நகரின் நடுவிலிருந்து வடக்கே ஐந்தாறு கிலோமீட்டர். 2011 கணக்குப்படி மொத்த நகராட்சியின் மக்கள்தொகை 1,02,905. தெற்கே கடுவையாறும் வடக்கே வெட்டாறும் கடலில் சேருகின்றன. காவிரியின் கடைமடை இது. நெல்லும் துணியும் ஆற்றோடு வந்து சேரும் இடம். இயற்கையான துறைமுகம் என்று சொல்ல ஒன்றுமில்லை. ஆற்றுமுகத்தில் மணல் மேடிட்டுக் கிடக்கும். பெரிய கப்பல் கரைக்கு வரமுடியாது. கடலிலேயே நங்கூரம் போட்டு நிற்கும் கப்பலுக்குப் படகில்தான் ஆளும் சரக்கும் போகவேண்டும். இப்படிப்பட்ட கரையில் ஆயிரம் ஆண்டு வியாபாரம் நடந்திருக்கிறது என்பதே ஆச்சரியம்.

சோழர் காலத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுவோம், அது எல்லாரும் அறிந்தது. 1006 வாக்கில் ஸ்ரீவிஜய மன்னர் ஸ்ரீமாற விஜயோத்துங்கவர்மன் தம் தந்தையின் பெயரால் இங்கே சூடாமணி விகாரம் என்ற பௌத்தப் பள்ளியை எழுப்பினார். முதலாம் இராஜராஜன் ஆனைமங்கலம் என்ற ஊரின் வருவாயை அதற்கு விட்டுக் கொடுத்தார். அந்தச் செப்பேடு பிற்காலத்தில் ஹாலந்தின் லெய்டன் நகரத்துக்குப் போய்ச் சேர்ந்தது; டச்சுக்காரர் கொண்டு போனது. இராஜராஜனின் மகன் இராஜேந்திரன் 1025இல் அதே ஸ்ரீவிஜயத்தின் மீதும் நம் கெடா மாநிலமான கடாரத்தின் மீதும் கப்பற்படை அனுப்பினார். அதன் பிறகும் 1090 வாக்கில் குலோத்துங்கன் விகாரத்தின் பழைய உரிமைகளை மீண்டும் உறுதி செய்து கொடுத்தார். சண்டை முடிந்ததும் கணக்கைத் திறந்து வைப்பது வியாபாரம் அறிந்தவர்களுக்குப் புதிதல்ல. காயாரோகண சுவாமி கோயில் கல்வெட்டு ஒன்றில் கடாரத்தரசரின் ஆள் கொடுத்த சீனப் பொன் பற்றிய செய்தியும் உண்டு. நாகையில் 1856 முதல் மண்ணுக்கடியிலிருந்து கிடைத்த புத்தர் செப்புத் திருமேனிகள் 350க்கும் மேல். பல சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. கப்பலோட்டிகளுக்கு அடையாளமாகக் கடற்கரையில் நின்ற பழைய செங்கல் கோபுரம் ஒன்றும் 1867 வரை இருந்து, பிறகு இடிக்கப்பட்டது.

நம் கதை சூடு பிடிப்பது இதற்குப் பிறகுதான்.

பதினாறாம் நூற்றாண்டில் போர்ச்சுக்கீசியர் நாகையில் குடியேறினார்கள். 1658இல் டச்சுக்காரர் அவர்களை அகற்றி ஊரைப் பிடித்தார்கள். 1690 வாக்கில் சோழமண்டலக் கரைக்கே தலைமையிடமாக அதை ஆக்கிக்கொண்டார்கள். வடக்கே தரங்கம்பாடியில் 1620 முதல் டேனிஷ்காரர். இடையில் காரைக்காலில் 1739 முதல் பிரெஞ்சுக்காரர். இவர்களுக்கு நடுவே, டச்சுக் கோட்டையிலிருந்து ஒரு மணி நேர நடைத் தூரத்தில், தஞ்சை மன்னரின் கையில் இருந்தது நாகூர். ஒரு நாள் நடைக்குள் நான்கு கொடிகள்!

நாகூரின் அதிர்ஷ்டம் இந்த இடத்தில்தான் இருக்கிறது என்பது நம் எண்ணம். டச்சுக்காரர் கடலில் போகும் ஆசியக் கப்பல்களுக்குத் தங்கள் அனுமதிச் சீட்டு வேண்டும் என்றார்கள். மலாய்க் கரையின் ஈயத்தையும் மிளகையும் தாங்களே வாங்கப் பார்த்தார்கள். அவர்களுடைய துறைமுகத்தில் நின்று நம் மரைக்காயர்கள் என்ன வியாபாரம் செய்ய முடியும்? நாகூரிலும் பரங்கிப்பேட்டையிலும் அந்தப் பிடி அவ்வளவாக இல்லை. அங்கிருந்து துணி ஏற்றிக்கொண்டு அச்சே, கெடா என்று போய், ஈயமும் மிளகும் பாக்கும் யானையும்கூடக் கொண்டு வந்தார்கள். வெள்ளைக்காரர்களின் ஏடுகள் இவர்களைத்தான் "சூலியா" என்று எழுதி வைத்தன. சோழ நாட்டிலிருந்து வந்த பெயர் என்று சொல்வார்கள்.

இந்த வெளிச்சத்தில் தர்காவின் பெரிய மினாராவைப் பாருங்கள். பதினாறாம் நூற்றாண்டில் வடக்கே மாணிக்கப்பூரிலிருந்து வந்து நாகூரில் தங்கி மறைந்தவர்கள் சாகுல் ஹமீது வலியுல்லாஹ் அவர்கள். நாகூரார் மரியாதையோடு "எஜமான்" என்பார்கள். தர்காவின் ஐந்து மினாராக்களில் உயர்ந்தது 131 அடி. அதைக் கட்டிக் கொடுத்தவர் 1739 முதல் 1763 வரை தஞ்சையை ஆண்ட மராட்டிய மன்னர் பிரதாப் சிங். மேடைகளில் இதை மத நல்லிணக்கத்துக்கு எடுத்துக்காட்டாகச் சொல்வார்கள். தப்பில்லை, அது உண்மையும்கூட. ஆனால் ஒரு வியாபாரியின் கண்ணுக்கு இன்னொன்றும் தெரிகிறது. கோட்டையும் பீரங்கியும் வைத்திருந்த டச்சுக்காரருக்குப் பக்கத்தில், மன்னருக்குச் சுங்கம் கொண்டு வந்த துறைமுகம் நாகூர். அந்தச் சுங்கம் நம்மவர் கப்பல்களால் வந்தது. அந்தச் சமூகம் பெரிதாக மதித்த இடத்தில் மன்னர் 131 அடிக்குக் கட்டினார் என்றால், அன்புக்கும் அரசியலுக்கும் அதில் பங்குண்டு. தாழ்வான, மேடு பள்ளமில்லாத கரை அது. கப்பலில் வருகிறவனுக்குத் தூரத்திலேயே தெரிகிற குறி அந்த மினாரா.

ஓட்டை விழுந்து மூழ்க இருந்த டச்சுக் கப்பலை, எஜமான் அவர்கள் கையிலிருந்த கண்ணாடியை வீசிக் காப்பாற்றினார்கள் என்ற கதையை நம் வீடுகளில் கேட்டிருக்கிறோம். நம்புகிறவர்கள் உண்டு, தலையை ஆட்டிவிட்டுப் போகிறவர்களும் உண்டு. எப்படியானாலும், கதையில் வருவது வயலோ மழையோ அல்ல, நடுக்கடலில் ஓட்டை விழுந்த கப்பல் என்பதைக் கவனிக்க வேண்டும். இன்று நாங்கள் ஒரு கண்டெய்னர் சரக்குக்குக் காப்பீட்டுத் தாளை வாங்கிப் பையில் வைத்துக்கொள்கிறோம். அந்தத் தாள் இல்லாத காலத்தில் மொத்த முதலையும் மகனையும் ஒரே மரக்கலத்தில் ஏற்றி அனுப்பிவிட்டுக் கரையில் நின்றவர்களின் பயம் அந்தக் கதைக்குள் இருக்கிறது.

1781இல் ஆங்கிலேயர் நாகையைப் பிடித்தார்கள். 1786இல் பிரான்சிஸ் லைட் பினாங்கில் கொடி நாட்டியதும் கெடாவில் ஏற்கனவே வியாபாரத்தில் இருந்த சூலியாக்கள் அங்கே இடம் பெயர்ந்தார்கள். சோழமண்டலக் கரைக் கப்பல்களில் ஆண்டுதோறும் 1,300 முதல் 2,000 பேர் வரை வந்து போகிறார்கள் என்று லைட் 1794இல் எழுதியிருக்கிறார். பினாங்கில் கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல் அமைத்த காதிர் முகைதீன் மரைக்காயர் பரங்கிப்பேட்டைக்காரர். சிங்கப்பூரில் ஜாமிஆ சூலியா பள்ளிவாசல் 1826இல் எழுந்தது.

இந்த இடத்தில் ஒன்று சொல்லியாக வேண்டும். மலர்களில் எழுதப்படும் வரலாறு கப்பல் முதலாளிகளோடு முடிந்துவிடுகிறது. ஆனால் நம்மில் பெரும்பாலோர் கப்பல் வைத்திருந்தவர்களின் பேரப் பிள்ளைகள் அல்லர். கடையில் எடுபிடியாக, சமையல் ஆளாக, காசு மாற்றுபவருக்குக் கணக்குப் பிள்ளையாக, துறைமுகத்தில் படகுக் கூலியாக வந்தவர்களின் வழி. 1861இல் நாகையிலிருந்து தஞ்சைக்கு ரயில் ஓடத் தொடங்கியது. தென் தமிழகத்தின் ரயில் பாதை பிறந்ததே இந்தத் துறைமுகத்துக்காக. அதன் பிறகு உள்நாட்டு ஏழைகளும் இந்தக் கரைக்கு வந்து சேர்ந்தார்கள். மலாயாத் தோட்டங்களுக்குக் கங்காணிகள் அழைத்துப் போன ஆயிரமாயிரம் பேர் நாகையில்தான் கப்பலேறினார்கள். 1938இல் இந்திய அரசு உதவி பெற்றுப் போகும் கூலிக் குடியேற்றத்தைத் தடுக்கும் வரை அது நடந்தது. நம் கடைச் சரக்கும் அந்தத் தோட்டத் தொழிலாளியும் ஒரே கப்பலில் போனார்கள் என்பதை நாம் அடிக்கடி மறந்துவிடுகிறோம்.

அந்தக் கப்பல்களில் பெயர் பெற்றது ரஜூலா. 1926 முதல் 1973 வரை சென்னை, நாகை, பினாங்கு, கிள்ளான் துறைமுகம், சிங்கப்பூர் என்று ஓடியது. டெக் டிக்கெட் எடுத்தவர் பாயைத் தானே கொண்டுபோய் மேல்தளத்தில் விரித்து இடம் பிடிக்க வேண்டும். கரையிலிருந்து கப்பல் வரை படகில் போவதுதான் பலருக்கும் பெரிய சோதனை. அலையில் படகு ஏறி இறங்கும்போது, ஏணிப் படியைச் சரியான நொடியில் பிடிக்க வேண்டும். பிள்ளைகளையும் டிரங்குப் பெட்டிகளையும் தூக்கி ஏற்றியவர்கள் அந்தக் கரையின் படகோட்டிகள். பெரும்பாலும் மீனவக் குடும்பத்தார். அறுபத்து மூவரில் ஒருவராகிய அதிபத்த நாயனார் நாகையின் மீனவர்தான் என்பது இங்கே நினைவுக்கு வருகிறது.

ஆண்கள் "சபர்" போய்விட்ட ஊரை நடத்தியவர்கள் பெண்கள். கரையோர முஸ்லிம் ஊர்கள் பலவற்றில் மகளுக்கு வீடு கொடுத்து, மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வருவது வழக்கமாயிற்று. இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறை வருகிறவரை நம்பி எந்த வீடு நடக்கும்? உம்மாவும் மகளும் ஒரு வாசலில் இருந்தால்தான் குடும்பம் நிற்கும். அந்த நாகூரிலிருந்துதான் சித்தி ஜுனைதா பேகம் எழுத வந்தார். அவருடைய "காதலா கடமையா" நாவல் 1938இல் வந்தது. முன்னுரை எழுதியவர் உ.வே.சாமிநாதையர். அதற்கு முந்தைய தலைமுறையில் குலாம் காதிறு நாவலர், 1833இல் பிறந்த நாகூர்க்காரர். மதுரைத் தமிழ்ச் சங்கத்தில் மதிக்கப்பட்ட அவர், பினாங்கில் "வித்தியா விசாரிணி" பத்திரிகை நடத்தினார். தமிழ் படித்தவனுக்குப் பினாங்கும் நாகூரும் ஒரே தெருவின் இரண்டு முனைகளாக இருந்த காலம் அது. நாகூர் ஹனீபா பற்றி நாம் சொல்லித் தெரிய வேண்டியதில்லை; அந்தக் குரல் வழியாகத்தான் ஊரின் பெயர் பலருக்குத் தெரியும். இறால் வைத்துப் பொரிக்கும் நாகூர் வாடாவையும் விட்டுவிட முடியாது. சிராங்கூன் ரோட்டில் வடை கிடைக்கிறது, அந்த வாடா கிடைப்பதில்லை.

நகரம் கீழிறங்கியது ஒரே நாளில் அல்ல. ரயில்வே பட்டறை 1928இல் திருச்சி பொன்மலைக்குப் போனது; வேலைக் குறைப்பை எதிர்த்து அந்த ஆண்டில் பெரும் வேலைநிறுத்தமே நடந்தது. ரஜூலாவுக்குப் பிறகு வந்த எம்.வி.சிதம்பரம் 1985 பிப்ரவரியில் நடுக்கடலில் தீப்பிடித்தது. அத்துடன் பயணிகள் கப்பல் கதை முடிந்தது. சரக்குக்கோ ஆழமான துறைமுகம் வேண்டும், கிரேன் வேண்டும். சென்னையும் தூத்துக்குடியும் அதை எடுத்துக்கொண்டன. எங்கள் தலைமுறை வியாபாரிகளின் சரக்குத் தாள்களில் நாகப்பட்டினம் என்ற பெயரை நாங்கள் பார்த்ததே இல்லை.

2004 டிசம்பர் 26இல் அதே கடல் உள்ளே வந்தது. நாகை மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கு மேற்பட்ட உயிர்கள் போயின. பெரும்பாலோர் மீனவக் குடும்பத்தார். நம் முன்னோரைக் கப்பலுக்கு ஏற்றிவிட்ட படகோட்டிகளின் வழி வந்தவர்களும் அவர்களில் இருந்திருப்பார்கள். எந்த மதம் என்று பாராமல் மையித்துகளை எடுத்து அடக்கியதில் நாகூர் முஸ்லிம்கள் முன் நின்றார்கள். தர்கா நிலத்திலும் குழிகள் வெட்டப்பட்டன. அந்த வாரத்தில் கந்தூரி கூடுமா கூடாதா என்று யாரும் கேட்கவில்லை.

2023 அக்டோபரில் நாகையிலிருந்து இலங்கை காங்கேசன்துறைக்குப் பயணிகள் கப்பல் மீண்டும் விடப்பட்டது. இடையில் நின்று, 2024இல் திரும்பத் தொடங்கியது. சிறிய கப்பல்தான், சில மணி நேரப் பயணம்தான். ஆனாலும் கடவுச் சீட்டில் "நாகப்பட்டினம்" என்று மறுபடியும் முத்திரை விழுகிறது.

நம் சங்கத்து உறுப்பினர் வீடுகளில் இன்னும் ரஜூலா டிக்கெட்டுகளும், நாகையில் குத்திய முத்திரையுள்ள பழைய கடவுச் சீட்டுகளும், அரபுத் தமிழில் எழுதிய கடிதங்களும் பெட்டிகளில் இருக்கும். பரணைச் சுத்தம் செய்யும்போது தூக்கிப் போட்டுவிடாமல், ஒரு நகலாவது எடுத்துச் சங்க நூலகத்தில் சேர்க்கும்படி கேட்டுக்கொள்கிறோம். கடிதங்களை வாசிக்கத் தெரிந்த பெரியவர்கள் நம்மிடையே இன்னும் சிலர் இருக்கிறார்கள்.