மருந்துக் கொம்பு

'பவுடர் ஹார்ன்' என்னும் ஆங்கிலத் தொடரைத் தமிழ் வாசகர் ஒருவர் முதன்முதலாகக் கேட்பாராயின், முகத்திற் பூசும் வாசனைப் பொடியை இட்டு வைக்கும் ஏதோ ஒரு சிமிழ் என்றே பெரும்பாலும் எண்ணுவார். பவுடர் என்னும் பதம் தகர டப்பாவில் அடைபட்டு ஒப்பனைப் பொருளாகவே நம் வீடுகளிற் புகுந்தமையால், அதற்கு முன் அது நடத்திய முரட்டு வாழ்க்கையை நாம் அறியோம். பதினெட்டாம் நூற்றாண்டு அமெரிக்காவில், காட்டை வெட்டிக் குடியேறிய உழவனையோ, மான்தோலுக்காக மலைகடந்து திரிந்த வேடனையோ நிறுத்திப் பவுடர் எங்கே என்று வினவியிருந்தால், தோள்வாரில் தொங்கி இடுப்பருகே அசையும் ஒரு மாட்டுக்கொம்பை அவன் தட்டிக் காட்டியிருப்பான். துப்பாக்கிக்கு வேண்டிய வெடிமருந்தை ஈரம் அணுகாமற் காத்த அக்கொம்பே பவுடர் ஹார்ன். தமிழில் அதனை மருந்துக் கொம்பு என்னலாம். அவ்வாறு சொன்ன மாத்திரத்தில், ஒரே பண்டத்திற்குப் பெயரிட்ட மேற்றிசையாரும் கீழ்த்திசையாரும் அதனை எவ்வளவு வேறுபட்ட கண்களால் நோக்கினர் என்பது விளங்கத் தொடங்கும்.

மேற்றிசையார் கண்டது தூசி. இலத்தீன் பாஷையில் 'புல்விஸ்' என்றால் தூசி; அது பழைய பிரெஞ்சில் 'பூத்ர்' எனத் தேய்ந்து, ஆங்கிலத்தில் 'பவுடர்' என நின்றது; ஜெர்மானியர் 'புல்வர்' என்று மூலத்திற்கு நெருக்கமாகவே வைத்துக்கொண்டனர். பதினான்காம் நூற்றாண்டில் ஐரோப்பியப் போர்க்களங்களிற் பீரங்கி முழங்கலான பின், அதன் வயிற்றில் இடும் கரிய பொடிக்கு அவர்கள் புதிதாக ஒரு பெயரைத் தேடவில்லை. 'துப்பாக்கித் தூசி' என்று அடைகொடுத்து வழங்கினர். நாளடைவில் அடையும் உதிர்ந்து, வெறும் தூசியே வெடிமருந்தைக் குறிப்பதாயிற்று.

கீழ்த்திசையில் நடந்தது வேறு. சாவாமையை நாடி, கந்தகத்தையும் வெடியுப்பையும் மூலிகைகளோடு கலந்து காய்ச்சிக்கொண்டிருந்த சீன இரசவாதிகளின் அடுப்பில் தற்செயலாகப் பற்றியெரிந்த கலவையே இப்பொருளின் பிறப்பு என்று விஞ்ஞான சரித்திரம் கூறுகிறது. ஆகவே சீனர் இதனை 'ஹுவோ யாவ்' என்றனர். 'ஹுவோ' என்பது நெருப்பு, 'யாவ்' என்பது மருந்து. 1044ஆம் ஆண்டளவில் தொகுக்கப்பெற்ற 'வூஜிங் சோங்யாவ்' என்னும் போர்நூலில் இந்நெருப்பு மருந்தின் கலவை முறைகள் எழுதப்பட்டுள்ளன. பாரசீகத்தில் மருந்தைக் குறிக்கும் 'தாரு' என்னும் சொல் வெடிமருந்தையும் குறித்தது. ஹிந்துஸ்தானியில் அதே சொல் மருந்து, வெடிமருந்து, மது என்று மூன்று தொழில் புரிந்து, இன்று மூன்றாவதிலேயே பெரிதும் நிலைத்துவிட்டது. தெலுங்கில் 'மந்து', கன்னடத்தில் 'மத்து', மலையாளத்தில் 'மருன்னு', தமிழில் மருந்து; இந்நான்கும் ஒரு வேரில் கிளைத்தவை, நான்கும் வைத்தியன் பையிலும் வீரன் பையிலும் ஒருங்கே இடம் பெற்றவை. பாரசீக மொழியின் வழியாக இப்புதுப்பொருள் நம் மொழிகளிற் படிந்திருக்கலாம் என்பது என் ஊகம். வழி எதுவாயினும், கீழ்த்திசை மொழிகள் பல அதன் தோற்றத்தைப் பாராது அதனைக் கலக்கியவன் யார் என்பதையே பெயரில் பொதிந்து வைத்தன. சிவகாசிப் பட்டாசுத் தொழிலாளர் இன்றும் அதனைக் கரிமருந்து என்றே வழங்குகின்றனர். அவர்கள் வாயிலுள்ள சொல், அவர்கள் அறியாமலே, பழைய இரசவாதியின் அடுப்படி வரை செல்கிறது.

துப்பாக்கி என்னும் சொல்லையும் இங்கே தொட்டுச் செல்லலாம். துருக்கியரின் 'துஃபெக்' பாரசீகத்திலும் ஹிந்துஸ்தானியிலும் 'துஃபங்' என்றாகித் தெற்கே பரவி, தெலுங்கில் 'துபாகி', நம்மிடம் துப்பாக்கி, ஈழத்துத் தமிழரிடம் துவக்கு, சிங்களவரிடம் 'துவக்குவ' என்றிவ்வாறு ஊருக்கு ஓர் உச்சரிப்பைப் பெற்றது. துப்புதல் என்னும் வினையிலிருந்து இதனைப் பிறப்பிப்போர் உளர். குண்டைத் துப்புகிறது என்பது அழகான கற்பனையே தவிர ஆராய்ச்சியாகாது.

இனிக் கொம்பு. 'ஹார்ன்' என்னும் ஆங்கிலச் சொல்லுக்கு இலத்தீன் 'கோர்னு' உடன்பிறப்பு. ககரம் ஜெர்மானியக் கிளையில் ஹகரமாய் மாறுவது அம்மொழிகளின் நியதி. வடமொழியின் சிருங்கமும் அக்குடும்பத்ததே. இங்கே ஒரு வேடிக்கை உண்டு. வடமொழியில் இஞ்சிக்குச் 'சிருங்கவேரம்' என்று பெயர். கொம்பு போன்ற உடலுடையது என்று அதற்குப் பொருள் சொல்லிப் பண்டிதர் மகிழ்ந்தனர். ஆனால் அது நம் 'இஞ்சி வேர்' என்னும் தொடரே வடமொழிக்குச் சென்று கொம்பு முளைத்து நின்ற கோலம் என்பதே பாஷை நூலார் பெரும்பாலோர் துணிபு. அச்சொல்லே கிரேக்கம், இலத்தீன் வழியே சென்று 'ஜிஞ்சர்' ஆயிற்று. கொம்பில்லாத இஞ்சிக்குக் கொம்பு வைத்த கதை இது. மருந்துக் கொம்போ பெயரிலும் பொருளிலும் மெய்யான கொம்பு.

எத்தனையோ பாத்திரங்கள் இருக்கக் கொம்பை ஏன் தேர்ந்தனர்? மரத்தில் ஈரம் ஊறும், தோலும் நனையும், இரும்பு துருப்பிடிப்பதோடு கல்லில் உரசினால் பொறியும் தெறிக்கும், கண்ணாடி உடையும். மாட்டுக் கொம்போ இலேசானது, நீர் புகாதது, பொறி தராதது. மேலும் உள்ளே மரக்கட்டை போல் குடையவேண்டிய சிரமமின்றி இயற்கையிலேயே கூடானது, ஏனெனில் கொம்பென நாம் காண்பது நகத்தின் இனத்ததாகிய உறையே. அதனுள் எலும்பு ஒன்று ஓடும். கொதிநீரில் இட்டோ, வெறுமே அழுகவிட்டோ அவ்வெலும்பை உருவிய பின், அகன்ற வாயில் பைன் அல்லது வால்நட் மரத்தால் அடைப்பு இறுக்கி ஆணியடித்து, கூரிய நுனியைத் துளையிட்டு அதற்கொரு மூடி செருகினால் கொம்பு ஆயத்தம். மேற்புறத்தைச் சுரண்டி மெலிதாக்கினால் ஒளி ஊடுருவும். மருந்து எவ்வளவு மீந்திருக்கிறது என்பதை வெளிச்சத்திற்கு எதிரே பிடித்தே அறியலாம். மாடு வளைவாகவே கொம்பு வளர்ப்பதால், அது மனிதனின் விலாவோடு ஒட்டிப் படியும். ஆகவே வலப்புறம் தொங்கவிட ஒரு கொம்பும், இடப்புறம் தொங்கவிட மற்றொரு கொம்பும் என ஒரே மாட்டின் தலையிலிருந்து இருவகையும் கிடைத்தன.

உபயோகிக்கும் முறையிலும் ஒரு நுட்பம் உண்டு. கொம்பிலிருந்து குழாய்க்குள் நேரே மருந்தைக் கொட்டுதல் கூடாது. முந்தைய வெடியின் தணல் குழாயடியில் எஞ்சியிருக்குமாயின் கொம்பு முழுதும் கையிலேயே வெடிக்கும். ஆதலால் மான்கொம்பின் நுனியையோ எலும்பையோ குடைந்து செய்த சிறு அளவையில் முதலில் வார்த்து, அதிலிருந்தே குழாயில் இடுவர். பின் எண்ணெய் தோய்ந்த துணித்துண்டில் ஈயக் குண்டைப் பொதிந்து, கோலால் கெட்டிப்பர். இறுதியில் பற்றுவாயின் அருகுள்ள சிறு தட்டில் நுண்ணிய மருந்து கொஞ்சம் தூவவேண்டும். இதற்கெனச் சிறு கொம்பொன்று தனியே வைத்திருந்தோரும் உண்டு. சக்கிமுக்கிக்கல் உரசித் தட்டிலுள்ள மருந்து பளிச்சென்று எரிந்தும் உள்ளிருக்கும் மருந்து பற்றாமற் போவதுண்டு. ஆரவாரமாய்த் தொடங்கி ஒன்றுமின்றி முடியும் முயற்சியை ஆங்கிலேயர் இன்றும் 'தட்டில் எழுந்த மின்னல்' என்று இகழ்வது இந்த அநுபவத்தாலேயே. பென்சில்வேனியாவில் குடியேறிய ஜெர்மானியக் கொல்லர் உருவாக்கிய நீண்ட குழல் துப்பாக்கிக்குப் பின்னாளில் 'கென்டக்கித் துப்பாக்கி' என்று பெயர் வந்தது. செய்த ஊரை மறந்து சுட்ட ஊரைப் பெயராக்கிய விசித்திரம் அது.

1754 முதல் 1763 வரை ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் அமெரிக்க மண்ணில் நிகழ்த்திய யுத்தமே கொம்பைக் கலைப்பொருளாக்கிற்று. முறையான பட்டாளத்தார் காகிதத்தில் சுற்றிய தோட்டாக்களை உபயோகித்தனர். ஊர்ப்படையைச் சேர்ந்த குடியானவர்களோ தத்தம் கொம்பைக் கொண்டுவந்தனர். ஜார்ஜ் ஏரிக்கரைப் பாசறைகளில் போரின்றி மாதக்கணக்கில் காத்திருந்த அவர்கள், கத்திமுனையால் கொம்பின் மேல் கோட்டை, கப்பல், மலர், மீன் முதலியவற்றைக் கீறினர். கோடுகளிற் கரி தேய்த்துக் கறுப்பாக்கினர். இவ்வேலையில் தேர்ந்து பிறருக்கும் செய்து கொடுத்தோரில் பிரசித்தி பெற்றவர் ஜான் புஷ்; மாசசூசெட்ஸைச் சேர்ந்த, அடிமையல்லாத கறுப்பினப் போர்வீரர். 1757இல் வில்லியம் ஹென்றி கோட்டை வீழ்ந்தபோது பிரெஞ்சுக்காரரிடம் சிறைப்பட்டு, ஊர் திரும்பாமலே மாண்டார். அவர் கீறிய எழுத்துகளின் கொடிபோன்ற சுழிவைப் பின்வந்தோர் பலர் பார்த்தெழுதினர்.

அக்கொம்புகளில் உடையவன் பெயரை எழுதிய பாங்கு மொழியாராய்ச்சியாளருக்கு விருந்து. 'ஜானின் கொம்பு' என்னாது 'ஜான் அவனது கொம்பு' என்னும் பொருள்பட எழுதினர். உடைமை வேற்றுமைக்கு உருபிடாமல் 'அவனது' என்பதைச் சேர்க்கும் இப்பழைய பிரயோகம் இலக்கணிகளால் கண்டிக்கப்பட்டு அச்சுநூல்களில் அருகிய பின்பும், கொம்பின் மேல் உயிரோடிருந்தது. நியூயார்க்கிலிருந்து ஹட்சன் ஆற்றின் வழியே சாம்பிளேன் ஏரி வரை ஊர்களையும் கோட்டைகளையும் வரிசையாகக் காட்டும் தேசப்படக் கொம்புகளும் பல. வழியறிய அவற்றைப் பார்த்து நடந்தனர் என்பார் உளர். எனக்கு அதில் நம்பிக்கையில்லை. ஆறு ஓடுமிடத்தை அறியக் கொம்பு எதற்கு? சென்று வந்த இடங்களை வீட்டாருக்குக் காட்டும் பெருமையே அவற்றின் நோக்கம் என்பது என் அபிப்பிராயம்.

அக்கொம்புகளின் உள்ளிருந்த மருந்துக்கும் நம் தேசத்திற்கும் உள்ள சம்பந்தம் பலர் அறியாதது. வெடிமருந்தில் நூற்றுக்கு 75 பங்கு வெடியுப்பு. கரி 15, கந்தகம் 10. பதினெட்டாம் நூற்றாண்டில் இங்கிலாந்து இவ்வுப்பிற் பெரும்பகுதியைப் பீகாரிலிருந்தே பெற்றது. பாட்னாவைச் சுற்றியுள்ள கிராமங்களில் நுனியா வகுப்பார் மண்ணிற் பூத்த உப்பைச் சுரண்டி, நீரில் கரைத்து வடித்துக் காய்ச்சியெடுத்ததைக் கிழக்கிந்தியக் கம்பெனி கப்பலேற்றிற்று. பிளாசி யுத்தத்திற்குப் பின் அவ்வியாபாரம் முழுதும் அதன் கைக்குள் வந்தது. ஆங்கில ஆலையில் அரைபட்டு அமெரிக்கக் காட்டில் வெடித்த மருந்தில் கங்கைக்கரை மண் கலந்திருந்தது.

சுதந்திரம் பெற்ற அமெரிக்கா 1792இல் இயற்றிய ஊர்ப்படைச் சட்டத்தில் மருந்துக் கொம்பு பெயர் சொல்லியே குறிக்கப்பட்டது: நீள்குழல் துப்பாக்கியுடையோன் குண்டுப்பை, மருந்துக் கொம்பு, 20 குண்டு, கால் இராத்தல் மருந்து ஆகியவற்றோடு வரவேண்டும் என்பது விதி. வர்ஜீனியாவிலுள்ள வில்லியம்ஸ்பர்க் நகரத்தில் 1715இல் எழுப்பிய எண்கோண ஆயுதசாலையையும் மக்கள் பிற்காலத்தில் மருந்துக் கொம்பு என்றே அழைத்தனர். அத்தகைய கிடங்கிற்கு ஆங்கிலத்தில் 'மகசீன்'. அரபியில் பண்டசாலையைக் குறிக்கும் 'மக்ஸன்' அதன் மூலம். 1731இல் இலண்டனில் ஒருவர் தம் பத்திரிகையைச் செய்திகளின் பண்டசாலை என்னும் கருத்தில் 'மகசீன்' என்று பெயரிட்டது முதல், அச்சொல் வெடிமருந்திலிருந்து விலகி நம்மைப் போன்ற சாதுக்களின் தொழிலைக் குறிக்கலாயிற்று. பத்தொன்பதாம் நூற்றாண்டில் செம்பாலும் பித்தளையாலும் ஆன, மூக்கிலேயே அளவு காட்டும் குப்பிகள் ஷெஃபீல்டிலிருந்து வந்து கொம்பை ஒதுக்கின. அவற்றிற்குப் பெயர் 'பிளாஸ்க்'. இன்று அது நம் வீட்டில் தேநீரைக் காக்கிறது. உலோகத் தோட்டா வந்ததும் குப்பிக்கும் வேலையற்றுப் போயிற்று.

வேலை போன பின்னரே இவற்றைத் தேடிச் சேர்ப்போர் தோன்றினர். நியூயார்க் மாகாணத்துக் கனஜோஹரியில் ஓவிய ஆசிரியராயிருந்த ரூஃபஸ் கிரைடர், 1900இல் இறக்குமுன் வீடுவீடாகத் தேடிச் சென்று ஏறக்குறைய 500 கொம்புகளைப் பார்த்து வண்ணத்தில் தீட்டி வைத்தார். வளைந்த கொம்பின் மேலுள்ளதை விரித்த தாளில் காட்டிய அவருடைய பொறுமையால், பின்னர்க் காணாமற்போன கொம்புகளின் உருவமும் நமக்கு எஞ்சியது. மெட்ரோபாலிடன் மியூசியத்தின் ஸ்டீபன் கிரான்ஸே அங்குள்ள ஒரு சேகரத்தை ஆதாரமாகக் கொண்டு 1945இல் வெளியிட்ட நூல் இத்துறைக்கு அடிப்படை.

விலை ஏறவே பொய்யும் ஏறிற்று. மெய்யான பழங்கொம்பின் மேல் புதிதாகக் கீறி, 1757 என்று ஆண்டு பொறித்து விற்போர் மலிந்தனர். கொம்பு பழையது, ஆணி பழையது, கீறல் மட்டும் நேற்றையது. உடம்போடு உரசிய புறத்தில் ஆண்டுக்கணக்கில் தேய்ந்த வழுவழுப்பு இருக்கும். மெய்யான கீறல் அங்கே தானும் தேய்ந்து மங்கியிருக்கும். தேய்மானத்தின் மேலேறிக் கூர்மையாக நிற்கும் கோடு பொய்க்கோடு. சித்திரமோ எழுத்தோ இல்லாத வெறுங்கொம்பை விலைமதிப்பில்லாதது என்று தள்ளுவோரை நான் ஒப்பேன். பிற்காலத்தார் கத்தி படாத அதுவே ஐயத்திற்கிடமின்றி உள்ளபடி நிற்பது.

அயல்நாடுகளில் வாழும் தமிழரில் சிலர் பழம்பொருட் கடைகளில் இத்தகைய கொம்பை அழகுக்காக வாங்கக்கூடும். அவர்களுக்கு ஒன்று சொல்லவேண்டும். ஈரம் படாத வெடிமருந்து நூறாண்டு கடந்தும் வீரியம் இழப்பதில்லை. பழங்கொம்புகளில் அது மீந்திருந்ததுண்டு. வாங்கியதும் அசைத்துப் பாருங்கள். உள்ளே மணல் போல் ஏதேனும் அசையுமாயின், விளக்கிற்கும் அடுப்பிற்கும் தூரத்தில் வைத்து, அடைப்பை நீங்களே நெம்பாமல், அறிந்தவரிடம் கொடுத்துத் திறக்கச் செய்யுங்கள்.